கிளம்பும் முன் கைப்பேசி

முதல் விமானம் - 6

சென்ற வாரம் பெட்டி கட்டினோம். இந்த வாரம், பெட்டிக்குள் போகாமல் கையிலேயே வரப்போகும் கைப்பேசியைத் தயார் செய்வோம்.

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் என்று கிளம்புகிறவர்களில் முதன்முறையாகப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் நிறையப் பேர். மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மா, ஓய்வு பெற்றபின் ஊர் பார்க்கப் போகும் தம்பதி, வேலைக்குப் போகும் இளைஞர் என எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. நம் ஊரில் அது சிரமமில்லாமல் உழைக்க இரண்டு காரணங்கள்: இணையம் எப்போதும் இருக்கிறது, கேட்டதும் ஓடிபி வந்துவிடுகிறது. வெளிநாட்டில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் இந்த இரண்டும் இல்லாமல் போகலாம். குடிநுழைவு அதிகாரியின் கேள்வி, வாடகை வண்டி, தங்குமிடத்தின் முகவரி, வீட்டுக்கு ஒரு போன் என எல்லாத் தேவையும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வரும்.

ஆகவே இந்த வாரப் பாடம் இவ்வளவுதான். ஓடிபி கேட்கும் வேலைகளை ஊரிலேயே முடித்துவிடுங்கள். இணையம் இல்லாத நேரத்தில் வேண்டியவற்றை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிம்

வெளிநாட்டில் இணையம் பெற மூன்று வழிகள். நம் சிம்முக்கே ரோமிங் பேக் போடலாம். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கலாம். அல்லது கிளம்பும் முன்பே இ-சிம் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் போன் இ-சிம் ஏற்குமா என்று பார்க்க *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்ற நீண்ட எண்ணும் திரையில் வந்தால் ஏற்கும்.

இ-சிம்மைப் போனில் ஏற்ற இணையம் வேண்டும். அதனால் வீட்டிலேயே ஏற்றிவிட்டு, இறங்கியதும் இயக்குங்கள். பலர் தடுமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. பயணத்துக்காக வாங்கும் இ-சிம்கள் பலவற்றுக்கு 'டேட்டா ரோமிங்' இயக்கத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் சிம்முக்கு, ரோமிங் பேக் போடாத பட்சத்தில், அது அணைந்திருக்க வேண்டும். இரண்டையும் மாற்றி வைத்தால் ஒன்றில் இணையம் வராது. மற்றொன்றில் பெரிய பில் வரும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். சர்வதேச ரோமிங்கைக் கிளம்பும் முன்பே இயக்கச் சொல்லி, வெளிநாட்டில் குறுஞ்செய்தி வருமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் சேவை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். புது சிம் போட்டதும் வாட்ஸ்அப் "எண்ணை மாற்றவா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து இயங்கும்.

வருகை அட்டை: காசு கேட்டால் விலகுங்கள்

விமானத்தில் காகிதப் படிவம் கொடுத்து நிரப்பச் சொன்ன காலம் இந்த மூன்று நாடுகளிலும் முடிந்துவிட்டது. சிங்கப்பூருக்கு 'எஸ்ஜி அரைவல் கார்டு'. அதைக் குடிநுழைவுத் துறையின் 'மைஐசிஏ' செயலியிலும் நிரப்பலாம். மலேசியாவுக்கு 'எம்டாக்' எனப்படும் மின் வருகை அட்டை. அது 2024 ஜனவரி முதல் கட்டாயம். தாய்லாந்துக்கு 'டிடாக்', அது 2025 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்றையும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். இவை விசா ஆகமாட்டா. விசா தேவைப்படும் நாட்டுக்கு அதைத் தனியாக வாங்க வேண்டும்.

மூன்றும் இலவசம் என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். தேடுபொறியில் தேடினால், அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்டு, படிவம் நிரப்பித்தரப் பணம் கேட்கும் தளங்கள் மேலே வந்து நிற்கும். பணம் போவதோடு பாஸ்போர்ட் விவரமும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடும். சிங்கப்பூர் அரசுத் தளத்தின் முகவரி 'டாட் கவ் டாட் எஸ்ஜி' என்று முடியும். தாய்லாந்துடையது 'டாட் கோ டாட் டிஎச்' என்று முடியும். முகவரியைப் பார்த்த பிறகே பாஸ்போர்ட் எண்ணைத் தட்டுங்கள்.

நிரப்பி முடித்ததும் வரும் ஒப்புகையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடத்தின் முன்பதிவு, காப்பீடு, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி, போனிலேயே ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். மின்னஞ்சலில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், இணையம் இல்லாத குடிநுழைவு வரிசையில் அது கண்ணுக்குத் தெரியாது.

வண்டியும் பணமும்

நம் ஊரில் பழகிய உபர், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தாய்லாந்திலும் கிடையாது. தென்கிழக்கு ஆசியத் தொழிலை அந்த நிறுவனம் 2018-இல் கிராப் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. எனவே 'கிராப்' செயலியை ஊரிலேயே நிறுவி, உங்கள் இந்திய எண்ணில் ஓடிபி வாங்கிக் கணக்குத் திறந்துவிடுங்கள். ஒரே கணக்கு மூன்று நாட்டிலும் வேலை செய்யும். கார்டு சேர்க்க விருப்பமில்லையென்றால் ரொக்கமாகவும் கொடுக்கலாம்.

அடுத்து உங்கள் வங்கிச் செயலியைத் திறங்கள். 2020 மார்ச் 16-இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாக வழங்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடையிலும் மட்டும் செல்லும்படிதான் நம் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிச் செலுத்தும் வசதி ஆகியவற்றை நாமே இயக்க வேண்டும். கார்டு செல்லாமல் கடையில் நின்று தவிப்பவர்களில் பலருக்குக் காரணம் இந்த ஒரு பொத்தான்தான். இயக்கும்போதே ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிய விசா, மாஸ்டர்கார்டு கார்டு இருந்தால் சிங்கப்பூரில் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் அதைத் தட்டியே ஏறலாம். தனி டிக்கெட் வேண்டாம்.

யுபிஐ வெளிநாடுகளுக்கும் பரவி வருகிறது. சிங்கப்பூரின் பேநவ் சேவையோடு அது 2023 பிப்ரவரியில் இணைந்தது. இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஆனால் எல்லாக் கடையிலும் செல்லாது. செயலிக்குள் சர்வதேசப் பயன்பாட்டைத் தனியாக இயக்கவும் வேண்டும். அதையே நம்பிப் போகாதீர்கள். கொஞ்சம் ரொக்கமும் ஒரு கார்டும் கையில் இருக்கட்டும்.

யுபிஐ செயலி உங்கள் போனோடும் சிம்மோடும் சேர்த்துப் பிணைக்கப்பட்டது. செயலியை அழித்து மறுபடி நிறுவினாலோ புதுப் போனுக்கு மாறினாலோ, உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி போனால்தான் அது மீண்டும் உயிர் பெறும். வெளிநாட்டில் இது எளிதில் நடக்காது. எனவே பயணத்துக்கென்று கடைசி வாரத்தில் புதுப் போன் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், வங்கிச் செயலிகள் எல்லாவற்றையும் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழியும் மொழியும்

போன் தன் இருப்பிடத்தை அறிய இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையை அது நேரே வாங்கிக் கணக்கிடுகிறது. இணையம் வேண்டியது வரைபடத்துக்குத்தான். கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் வரைபடங்கள்' பகுதிக்குப் போய், போகும் நகரத்தை இறக்கி வையுங்கள். இணையமில்லாத போது வண்டியில் போகும் வழியை மட்டுமே அது சொல்லும். பேருந்து, ரயில், நடைபாதை வழிகள் வரமாட்டா. ஆகவே ரயில் வரைபடத்தைப் படமாகத் தனியே சேமியுங்கள். தங்குமிடத்தையும் இந்தியத் தூதரகத்தையும் வரைபடத்தில் குறித்துவையுங்கள்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மலேசியாவிலும் தமிழ் பேசுகிறவர்கள் கிடைத்துவிடுவார்கள். பாங்காக்கில் எழுத்தே வேறு. கூகுள் டிரான்ஸ்லேட்டில் தாய், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் ஆஃப்லைனில் இறக்கிவிட்டால் உணவுப் பட்டியலைக் கேமராவில் காட்டிப் படிக்கலாம். சைவ உணவுக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். தாய்லாந்தில் காய்கறி வதக்கலில்கூட 'நாம் ப்ளா' என்ற மீன் சாறு சேரும். மலேசியச் சமையலில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது சேரும். "மீன், இறால், இறைச்சி, முட்டை, மீன் சாறு எதுவும் வேண்டாம்" என்ற வாக்கியத்தை முன்பே மொழிபெயர்த்துப் படமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்டினால் போதும். தாய்லாந்தில் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தோடு தொங்கும் 'ஜே' என்ற பலகை, அங்கே இறைச்சியும் மீனும் சேராத உணவு கிடைக்கும் என்பதற்கு அடையாளம்.

இந்தப் பட்டியல் எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது. சீனாவில் கூகுள் சேவைகளும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டவை. அங்கே போகிறவர்கள் அலிபேயையும் வீசாட்டையும் ஊரிலேயே நிறுவி, கார்டை இணைத்துவிட வேண்டும். தென்கொரியாவில் வழி கேட்க 'நேவர் மேப்' கை கொடுக்கும். துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும். வாட்ஸ்அப் அழைப்பு போகாது. அங்கிருந்து வீட்டோடு பேச அங்கே அனுமதி பெற்ற 'போட்டிம்' போன்ற செயலியை இரு பக்கமும் நிறுவியிருக்க வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதை அம்மா அப்பா போனிலும் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அம்மா அப்பாவின் போன்

பெற்றோரை அனுப்பி வைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். செயலிகளை நிறுவிக் கையில் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. ஒரு மாலை அவர்களோடு உட்காருங்கள். வீட்டு வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, "டிக்கெட்டைக் காட்டுங்கம்மா, முகவரியைக் காட்டுங்கப்பா" என்று கேளுங்கள். அவர்களாக எடுத்துக் காட்டும்வரை பழக்குங்கள். வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடம் அனுப்பச் சொல்லிக்கொடுங்கள்.

போனின் அவசரகாலத் தகவல் பகுதியில் இரத்த வகை, ஒவ்வாமை, உறவினர் எண் ஆகியவற்றைச் சேருங்கள். பூட்டைத் திறக்காமலே மருத்துவர் அதைப் பார்க்க முடியும். சாப்பிடும் மாத்திரைகளைக் கம்பெனிப் பெயரில் எழுதாமல் அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று மருந்தின் பொதுப் பெயரில் எழுதுங்கள். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்குள்ள மருந்துக்கடையில் தெரியாது. ஆம்புலன்ஸுக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, தாய்லாந்தில் 1669. தாய்லாந்தில் சுற்றுலாக் காவல்துறைக்கு 1155. இவற்றையும் பெயரோடு சேமித்துவையுங்கள்.

பேட்டரியும் காகிதமும்

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-மணிதான். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. வேறு சில நிறுவனங்களிலும் இதே விதி இருக்கிறது. ஆகவே போனை முழுதாக ஏற்றிக்கொண்டே விமானம் ஏறுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மின்செருகி மூன்று தட்டைக் கால் கொண்டது. அடாப்டர் ஒன்றை மறக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் போன் தொலையலாம், விழுந்து உடையலாம். அதனால் தங்குமிட முகவரி, இரண்டு உறவினர் எண்கள், பாஸ்போர்ட் எண், தூதரக எண், கார்டை முடக்க அழைக்க வேண்டிய வங்கி எண் ஆகியவற்றை ஒரு தாளில் கையால் எழுதி, பாஸ்போர்ட்டோடு இல்லாமல் வேறு பையில் வையுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக ஒரு மணி நேரம் போனை விமானப் பயன்முறையில் போட்டு, மேலே சொன்ன ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். திறக்காத எதையும் அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.

(அடுத்த வாரம்: குடிநுழைவு மேசையில் என்ன கேட்பார்கள்?)