20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் வாங்கியும் லேப்டாப் சார்ஜ் ஏறலையா? பெட்டியில் பார்க்க வேண்டிய எண் வேற!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து போன பிறகு, வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் குடியிருந்த பலருக்கு கரண்ட் திரும்பி வர நாட்கணக்கில் ஆனது. வீட்டைச் சுற்றி தண்ணீர், போனில் சார்ஜ் ஒற்றை இலக்கத்தில். படகு வருமா என்று கேட்கக்கூட போன் வேணும். அந்த மாதிரி நேரத்தில்தான் அலமாரியில் கிடக்கும் பவர் பேங்க் ஞாபகத்துக்கு வரும்.

இப்போ போனோடு லேப்டாப்பும் சேர்ந்துவிட்டது. ஒர்க் ஃப்ரம் ஹோம், ஆன்லைன் வகுப்பு என்று பல வீடுகளில் லேப்டாப் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. சரி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பவர் பேங்க் வாங்கிவிடலாம் என்று தேடி, 20,000 எம்ஏஹெச் என்று பெரிசாகப் போட்டிருப்பதை ஆர்டர் செய்து, ஆசையாக லேப்டாப்பில் செருகினால் ஒன்றுமே நடக்காது. இல்லையென்றால் 'ஸ்லோ சார்ஜர்' என்று ஒரு மெசேஜ் வந்து நிற்கும். பவர் பேங்க் ஓட்டை என்று திட்டி ரிவ்யூ எழுதுபவர்கள் நிறைய. பெரும்பாலும் பவர் பேங்க் மேல் தப்பில்லை. பார்க்க வேண்டிய எண்ணைப் பார்க்காமல் வாங்கியதுதான் சிக்கல்.

எம்ஏஹெச் டேங்க், வாட் குழாய்

மொட்டைமாடி டேங்க் எவ்வளவு பெரிசு என்பது ஒரு விஷயம். அதிலிருந்து இறங்கும் குழாய் எவ்வளவு அகலம் என்பது வேற விஷயம். எம்ஏஹெச் என்பது டேங்க்கின் அளவு. வாட் என்பது குழாயின் அகலம். ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தாலும் அரை இன்ச் குழாய் போட்டால் பக்கெட் நிறைய நேரம் ஆகத்தானே செய்யும்?

போன்களுக்கு இந்த வித்தியாசம் பெரிசாகத் தெரியாது. 10 வாட் கொடுத்தாலும் மெதுவாக ஏறிவிடும். லேப்டாப் அப்படி இல்லை. அது ஓடுவதற்கே ஒரு அளவு மின்சாரம் வேணும்; அதற்கு மேல் மிஞ்சுவதுதான் பேட்டரியில் ஏறும். குறைந்தபட்ச வாட் வரவில்லை என்றால் சில லேப்டாப்கள் சார்ஜரை ஏற்கவே ஏற்காது.

சந்தையில் அதிகம் கண்ணில் படுவது '20,000 எம்ஏஹெச், 22.5 வாட்' ரகம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. அந்த 22.5 வாட் பெரும்பாலும் பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ ஓட்டையில், குறிப்பிட்ட சில போன்களுக்கு மட்டும் கிடைக்கும் வேகம். லேப்டாப்பை இணைக்கும் டைப்-சி ஓட்டையில் வருவது 18 அல்லது 20 வாட்தான். போனுக்கு இது நல்ல பொருள். லேப்டாப்புக்கு போதாது.

உங்க லேப்டாப்புக்கு எத்தனை வாட்?

கடைக்காரரைக் கேட்க வேண்டாம். லேப்டாப்போடு வந்த அடாப்டரைத் திருப்பிப் பாருங்க. 'அவுட்புட்' என்ற இடத்தில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று இருந்தால், இரண்டையும் பெருக்கினால் 65 வாட். ஆபீஸ் லேப்டாப்கள் பலவற்றுக்கு 45 அல்லது 65 வாட்தான். மேக்புக் ஏர் 30 வாட்டிலேயே சார்ஜ் ஆகிவிடும். 16 இன்ச் மேக்புக் ப்ரோவுக்கு ஆப்பிள் கொடுப்பது 140 வாட் அடாப்டர்.

அடாப்டரில் 65 என்று இருந்தால் பவர் பேங்க்கிலும் 65 இருப்பது நல்லது. 45 வாட் கொடுத்தாலும் பல லேப்டாப்கள் ஏற்றுக்கொள்ளும். டைப் அடிப்பது, மெயில் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு ஓடும், சார்ஜ் மெதுவாக ஏறும். கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் ஆசையை விட்டுவிடலாம். 180 வாட், 230 வாட் என்று கேட்கும் அந்த மெஷின்களை முழு வேகத்தில் ஓட்ட பவர் பேங்க்கால் முடியாது.

இன்னொரு முக்கியமான செக்கிங். லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை இருப்பதாலேயே அதில் சார்ஜ் ஏறும் என்று அர்த்தமில்லை. சில மாடல்களில் அது ஃபைல் அனுப்ப மட்டும்தான். ஓட்டைக்குப் பக்கத்தில் பிளக் அல்லது பேட்டரி சின்னம் இருக்கா என்று பாருங்க. இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் தளத்தில் 'பவர் டெலிவரி' என்ற வார்த்தை வருதா என்று தேடுங்க. இதைப் பார்க்காமல் ஐயாயிரம் ரூபாய் பவர் பேங்க் வாங்கினாலும் வீண்தான்.

இந்த 'பவர் டெலிவரி' என்பதுதான் லேப்டாப்பும் பவர் பேங்க்கும் பேசிக்கொள்ளும் பொது மொழி. கேபிளைச் செருகியதும் 'எனக்கு 5, 9, 15, 20 வோல்ட் கொடுக்கத் தெரியும்' என்று பவர் பேங்க் சொல்லும். லேப்டாப் 20-ஐத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பட்டியலில் 20 வோல்ட் இல்லாத பவர் பேங்க்கை பல லேப்டாப்கள் சட்டை செய்யாது.

போன் பக்கமும் ஒரு வார்த்தை. ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி, விவோ மாதிரி போன்களில் விளம்பரம் செய்யும் 67 வாட், 80 வாட் வேகமெல்லாம் அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழி. பொதுவான பவர் பேங்க்கில் அந்த வேகம் வராது. சாம்சங் போன் என்றால் 'பிபிஎஸ்' வசதி இருக்கும் பவர் பேங்க் வாங்கினால் சூப்பர் ஃபாஸ்ட் சார்ஜிங் கிடைக்கும்.

20,000 என்று போட்டு 12,000 தான் வருதா?

பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி 12,000 எம்ஏஹெச்' என்று இருப்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுபவர்கள் உண்டு. இது ஏமாற்று இல்லை. உள்ளே இருக்கும் செல்கள் 3.6 அல்லது 3.7 வோல்ட்டில் இயங்குபவை. 20,000 என்பது அந்தக் கணக்கு. வெளியே வரும்போது அது 5 வோல்ட்டாக மாறுகிறது. வோல்ட் கூடினால் எம்ஏஹெச் குறையும். மாற்றும்போது கொஞ்சம் சூடாகவும் வீணாகும்.

அதனால் எம்ஏஹெச்சை விட நம்பகமான எண், அதே பொடி எழுத்தில் இருக்கும் 'வாட்-அவர்'. எம்ஏஹெச்சை 3.7-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் இது வந்துவிடும். 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட்-அவர். சேதாரம் போக கைக்கு வருவது ஏறக்குறைய 60 என்று வைத்துக்கொள்ளலாம்.

மெல்லிய லேப்டாப் ஒன்றின் பேட்டரி 50 முதல் 55 வாட்-அவர் இருக்கும். ஆக, 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒரு லேப்டாப்பை சுமார் ஒரு தடவை நிரப்பும், அவ்வளவுதான். 5,000 எம்ஏஹெச் போனை நான்கு தடவை என்று மனக்கணக்கு போடாதீங்க. மூன்று தடவை வந்தால் சந்தோஷம். லேப்டாப்பும் வேணும், போனும் வேணும் என்றால் 25,000 முதல் 27,000 வரை போகலாம். அதற்கு மேல் ஏன் போகக் கூடாது என்பது விமானக் கதையில் வருது.

கேபிளில்தான் கோட்டை விடுவார்கள்

100 வாட் பவர் பேங்க் வாங்கிவிட்டு, பழைய போன் கேபிளைப் போட்டு, வேகம் வரவில்லை என்று புலம்புவது ரொம்ப சகஜம். சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் வேணும் என்றால், உள்ளே சின்ன சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் வேணும். கேபிளின் முனையிலோ பாக்கெட்டிலோ 100 வாட் அல்லது 240 வாட் என்று அச்சடித்திருக்கும். சிப் இல்லாத கேபிளைக் கண்டால் பவர் பேங்க் தானாகவே 60-க்கு இறங்கிவிடும்.

அதேபோல, 'மொத்தம் 100 வாட்' என்று போட்டிருந்தால் அது எல்லா ஓட்டைகளுக்கும் சேர்த்து. லேப்டாப் மட்டும் செருகினால் 65 வாட் போகும். கூடவே போனையும் செருகினால் லேப்டாப்புக்கு 45 ஆகக் குறையலாம். இரண்டாவது கேபிளைச் செருகும் நொடியில் முதலாவது ஒருமுறை நின்று மறுபடி வருவதும் இயல்புதான். ஒரு ஓட்டையில் தனியாக எவ்வளவு, இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்ற பட்டியலைக் கேட்டு வாங்கணும். அந்தப் பட்டியலே போடாத நிறுவனத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

பலர் மறப்பது 'இன்புட்'. புயல் நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் கரண்ட் வந்து போனால்? 10 வாட் இன்புட் என்றால் 20,000 எம்ஏஹெச் நிரம்ப ராத்திரி முழுக்க ஆகும். 18 வாட் என்றால் சுமார் ஐந்து மணி நேரம். 65 வாட் இன்புட் இருந்து, அதே அளவு சார்ஜரும் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி ஏறிவிடும். அவசரத்துக்கு வாங்குபவர்களுக்கு அவுட்புட்டை விட இதுதான் முக்கியம்.

விமானத்தில் கொண்டு போறீங்களா?

100 வாட்-அவர். இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்க. அதுவரை கேபின் பையில் அனுமதி கேட்காமல் எடுத்துப் போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேணும். 160-க்கு மேல் இடமே இல்லை. எந்த அளவாக இருந்தாலும் செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. 27,000 எம்ஏஹெச் என்றால் 99.9 வாட்-அவர்; பெரிய பவர் பேங்க்குகள் பல அந்த எண்ணை ஒட்டி வந்து நிற்பது இதனால்தான்.

கெடுபிடி ஏன் இவ்வளவு? 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில், ஹாங்காங் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில் தீப்பிடித்தது. 176 பேரும் வெளியேற்றப்பட்டனர். பவர் பேங்க் ஒன்றின் உள்ளே இன்சுலேஷன் சிதைந்து தீ கிளம்பியிருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், டெல்லியிலிருந்து திமாபூர் கிளம்பிய இண்டிகோ விமானம் ஓடுபாதையை நோக்கி நகரும்போது ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. ஊழியர்கள் உடனே அணைத்தனர்.

2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவும் சார்ஜ் செய்யவும் தடை போட்டது. அக்டோபர் முதல் எமிரேட்ஸும் அதே வழி. அங்கே ஒருவருக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட்-அவருக்குள். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் டிக்கெட்டோடு இந்த விதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வாட்-அவர் எழுத்து தேய்ந்து போயிருந்தால் செக்யூரிட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

700 ரூபாய்க்கு 50,000 எம்ஏஹெச்!

கணக்கு போட்டுப் பாருங்க. 50,000 எம்ஏஹெச் உண்மை என்றால் 185 வாட்-அவர். எந்த விமானத்திலும் ஏற்ற முடியாது. பொய் என்றால், அதுதான் உங்க 700 ரூபாய்.

கண்டுபிடிக்க சமையலறைத் தராசு போதும். லித்தியம் செல்லுக்கு எடை உண்டு. பென்சில் பேட்டரியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் ஒரு செல் 45 கிராமுக்குக் குறையாது. அதில் அடைக்க முடிவது அதிகபட்சம் 3,500 எம்ஏஹெச். 20,000-க்கு செல்கள் மட்டுமே கால் கிலோவைத் தாண்டிவிடும். பெட்டி, சர்க்யூட் எல்லாம் சேர்த்து 350, 400 கிராம் வரணும். 50,000 என்று எழுதி 250 கிராம்தான் இருக்கிறது என்றால் அளந்தது தராசு, அளந்துவிட்டது விளம்பரம்.

இந்தியாவில் விற்கும் பவர் பேங்க்குகளுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். பின்பக்கம் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எண் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் அதைப் போட்டால் யாருடைய பெயரில் பதிவானது என்று காட்டும். பெட்டியில் ஒரு பிராண்ட், ஆப்பில் வேறொன்று என்றால் யோசிங்க.

பெரிய பிராண்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? அதுவும் முடியாது. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தனது பவர்கோர் 10000 மாடலில், அமெரிக்காவில் விற்ற 11 லட்சத்துக்கும் அதிகமானவற்றை தீப்பிடிக்கும் அபாயம் காரணமாகத் திரும்பப் பெற்றது. சீனாவின் ரொமாஸ் அதே மாதம் சுமார் 4.9 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. பெரிய நிறுவனம் என்றால் குறைந்தபட்சம் திரும்பக் கேட்க ஒரு முகவரி இருக்கும். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் மாடல் எண்ணை ஒருமுறை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

பக்கவாட்டில் உப்பிப் போனால்

வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு, மெத்தைக்கு அடியில், தலையணைக்குப் பக்கத்தில் - இந்த மூன்று இடமும் வேண்டாம். புயலுக்கு என்று வாங்கி வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து சார்ஜ் போடுங்க; முழுசாகக் காலியாகிக் கிடந்தால் செல் கெட்டுவிடும்.

உடல் உப்பியிருந்தால், மூடி பிளந்திருந்தால், ஒருவித இனிப்பு வாடை வந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. 'இன்னும் சார்ஜ் ஏறுதே' என்று பயன்படுத்தக் கூடாது. குத்தி காற்றை எடுக்கவே கூடாது. சார்ஜரைக் கழற்றி, எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்க. தெரு குப்பைத் தொட்டியில் போட்டால், குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடித்து, அந்த வண்டியில் நிற்கும் தூய்மைப் பணியாளர் கையில்தான் அது வெடிக்கும்.