வென்றவருக்கு வாய்க்காத ஆசனம்

புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகரம் தெற்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். கடற்கரை மணலில் இல்மனைற்று எடுக்கும் இவ்வூரில் பெரும்பாலோர் முஸ்லிம்களாதலின், 2024 ஜனவரி 21 ஆந் திகதி அந்நகர மண்டபத்தில் இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை கூடித் தன் தலைவரை வாக்கெடுப்பினால் தெரிவு செய்த செய்தி, இங்குள்ள தேநீர்க்கடைகளுக்கு அயல்வீட்டு விவகாரமே. ஆயினும், அயல்வீட்டுக் கலியாணத்தைக் காட்டிலும் அயல்வீட்டு வழக்குக்கே காது கூடுதலாக நீளும். இவ்விஷயத்திலோ இரண்டும் ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து நேர்ந்தன.

1949 டிசம்பரில் செல்வநாயகம் ஸ்தாபித்த இக்கட்சி, தன் முதல் மகாநாட்டை 1951 இல் கூட்டியதும், 1956 ஆகஸ்டில் பல திக்குகளிலிருந்து பாதயாத்திரையாக வந்த தொண்டர்கள் சூழக் கூடியதும் இதே திருகோணமலையிற்றான். அக்காலந் தொட்டு, மூத்தோர் கலந்து பேசி ஒருவரைச் சுட்ட, சபை ஏகமனதாக ஆமோதிப்பதே சம்பிரதாயமாயிருந்தது. 2014 இல் சம்பந்தனுக்குப் பின் மாவை சேனாதிராசா தலைமை ஏற்றதும் அவ்வாறே. போட்டியில்லாத இடத்தில் வாக்காளர் பட்டியலை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பத்து ஆண்டுக்குப் பின் போட்டி வந்தது. மட்டக்களப்பின் சீனித்தம்பி யோகேஸ்வரனும் விண்ணப்பித்திருந்தாரெனினும், களத்தில் எதிரெதிரே நின்றோர் கிளிநொச்சியின் சிவஞானம் சிறீதரனும் சட்டத்தரணி சுமந்திரனுமே. சிறீதரனுக்கு 184 வாக்குகள், சுமந்திரனுக்கு 137. தோற்றவர் தோல்வியை அன்றே ஒப்புக்கொண்டார். நியாயப்படி அத்துடன் விவகாரம் முற்றுப்பெற்றிருக்க வேண்டும். ஆனால் ஆறு நாள் கழித்துப் பொதுச் செயலாளர் பதவியைத் திருகோணமலைக்குக் கொடுப்பதா மட்டக்களப்புக்குக் கொடுப்பதா என்ற பிணக்கு எழுந்து, மறுநாள் நிகழவிருந்த மகாநாடு ஒத்திவைக்கப்பட்டது. பெப்ரவரி 15 அன்று திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இரு மாவட்ட நீதிமன்றங்களும் மகாநாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தன.

வழக்கின் சாரம், வாக்களித்த பொதுச்சபையே கட்சி யாப்பின்படி அமைந்ததன்று என்பதாகும். எத்தனை கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் எத்தனை பிரதிநிதிகள், அவர்களை நியமிப்பவர் யார் என்பவற்றை யாப்பு ஒரு விதமாகவும் வழக்கம் வேறு விதமாகவும் கொண்டிருந்தால், 47 வாக்கு வித்தியாசமும் கேள்விக்குள்ளாகி விடுகிறது. எங்கள் கரையோர மீனவர் சங்கங்களில் வருடாந்தப் பொதுக்கூட்டம் தொடங்குமுன் சந்தாப் புத்தகத்தைத் திறந்து, பாக்கி வைத்திருப்பவன் கை உயர்த்தலாகாது என்று உரக்கச் சொல்லிவிடுவார்கள். படித்தோர் நிறைந்த கட்சிக்கு அந்தச் சிறு முன்யோசனை தோன்றாமற் போனது விசித்திரமே. (அயலாரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு அருகதை குறைவு: 2000 செப்டெம்பரில் தலைவர் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தபின், முஸ்லிம் காங்கிரஸ் ஹக்கீமையும் பேரியல் அஷ்ரபையும் இணைத்தலைவர்களாக்கியது, அவ்வேற்பாடு நிலைக்கவில்லை.)

தலைவர் பொறுப்பேற்பது மகாநாட்டு மேடையில். மகாநாடு தடைப்பட்டதால் வென்றவர் ஏறவில்லை. விலகவிருந்த சேனாதிராசா நீடித்தார். அவ்வருடம் ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிக்க, சிறீதரன் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்காகப் பிரசாரஞ் செய்தார். கட்டளையிடத் தக்க தலைவர் ஒருவர் ஆசனத்தில் இருந்திருப்பின் இது நேர்ந்திராது என்பது என் அபிப்பிராயம். நவம்பர் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் கட்சிக்குக் கிடைத்த ஒரே ஆசனம் சிறீதரனுடையது, சுமந்திரன் தோற்றார். டிசம்பரில் சி.வி.கே. சிவஞானம் பதில் தலைவரானார். பின்னர் சுமந்திரன் பதில் பொதுச் செயலாளரானார். 184 வாக்குப் பெற்ற சிறீதரனுக்குப் பாராளுமன்றக் குழுவின் தலைமை மட்டும் கிடைத்தது.