பலேர்மோ கோட்டையில் அரபு எழுத்துகள்

நார்மன் கோட்டை என்றவுடன் இங்கிலாந்தின் கற்கோபுரங்களே பலருக்கும் நினைவில் எழும். ஆயின், நார்மானியர் மத்தியதரைக் கடலின் சிசிலித் தீவையும் ஆண்டனர். அதன் தலைநகராம் பலேர்மோவில் அவர்தம் கோட்டை அரண்மனை இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

முஸ்லிம்கள் பலேர்மோவை வென்றது கி.பி. 831இல். அவர்கள் எழுப்பிய கோட்டை 'அல் கஸ்ர்' எனப்பட்டது. 1072இல் நகரைக் கைப்பற்றிய நார்மானியர், அக்கோட்டையிருந்த இடத்திலேயே தம் அரண்மனையை விரிவாக்கினர்.

1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் உள்ளே ஒரு தேவாலயம் அமைத்தார். அதன் மர விதானத்தை அண்ணாந்து நோக்குவோர் வியப்படைவர். தேன்கூடுபோல் அடுக்கடுக்காய்த் தொங்கும் 'முகர்னஸ்' வேலைப்பாடும், கூஃபி எழுத்தில் தீட்டிய வாழ்த்துச் சொற்களும் முஸ்லிம் கலைஞர்களின் கைவண்ணமாம். 1142இல் மன்னர் செய்வித்த நீர்க்கடிகாரத்தின் கல்வெட்டோ இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மும்மொழிகளிலும் அமைந்தது.

புவியியல் பேரறிஞர் அல் இத்ரீஸி இம்மன்னரின் அவையிலேயே பணியாற்றினார். 1154இல் அவர் நிறைவு செய்த நூலில் 70 வட்டார வரைபடங்கள் உள்ளன. சரந்தீபு எனும் இலங்கையின் அரசவையில் அந்நாட்டுச் சமயத்தார், கிறித்தவர், முஸ்லிம்கள், யூதர் எனத் தலைக்கு நால்வராய்ப் பதினாறு ஆலோசகர் இருந்ததாகவும் அந்நூல் கூறுகிறது.

எனினும் இவ்வொளிக்கு நிழலும் உண்டு. 1184ஆம் ஆண்டின் இறுதியில் சிசிலிக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், மன்னர் இரண்டாம் வில்லியம் அரபு அறிந்தவர் எனப் போற்றுகிறார். அரண்மனை முஸ்லிம் ஊழியர் தம் ஈமானை மறைத்து வாழ்ந்ததையும் வருத்தத்துடன் பதிகிறார். 1189இல் அம்மன்னர் மறைந்ததும் கலகம் மூண்டது. முஸ்லிம்கள் மலைகளுக்கு ஓடினர். எஞ்சியோரை இரண்டாம் பிரெடரிக் பேரரசர் 1220களில் தொடங்கி இத்தாலியின் லூசெராவுக்குப் பெயர்த்தார். 1300இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

இன்று அவ்வரண்மனையில் சிசிலியின் சட்டமன்றம் கூடுகிறது. 2015இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்த்தது. விதானத்தில் எழுத்து நிலைத்தது. எழுதியோரின் சமுதாயம் நிலைக்கவில்லை. கலையும் கல்வியும் மன்னரின் மதிப்பைப் பெற்றுத்தந்தன. ஆனால், ஒரு மன்னரின் பரிவு அவர் காலத்தோடு முடிவது. அனைவர்க்கும் பொதுவான நீதியே தலைமுறைகளைக் காப்பது. பலேர்மோ கோட்டை நமக்குப் புகட்டும் பாடம் இதுவேயாகும்.