ஓடும் மழைக்கு ஒரு பாத்தி

தண்ணீரைத் திருப்பிவிடும் வேலை நாமக்கல் பக்கத்து ஜேடர்பாளையத்துக்குப் பழையது. காவிரியின் குறுக்கே படுகை அணை, அங்கிருந்து பிரியும் இராஜவாய்க்கால். 17-ஆம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்கிறார்கள். ஆற்று நீருக்கு அவ்வளவு மெனக்கெட்ட ஊரில், சிமென்ட் வாசலில் விழும் மழை மட்டும் நேரே சாக்கடைக்குப் போகிறது. சும்மாவும் போவதில்லை. டயர்த் துகள், ஆயில், சாணம், எரு எல்லாவற்றையும் முதல் மழையே வழித்துக்கொண்டு போய்விடுகிறது.

இதற்கு மழைத்தோட்டம் என்றொரு ஏற்பாடு உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் கவுண்டியில் உருவானது. அரை அடி பள்ளமான பாத்தி, அடியில் மணல் கலந்த மண், மேலே செடிகள். வண்டல் மேல்மண்ணில் நிற்கும். ஆயிலை நுண்ணுயிர்கள் சிதைக்கும். துத்தநாகம் போன்ற உலோகங்கள் மக்கில் ஒட்டிக்கொள்ளும். வேர்கள் மண் இறுகாமல் பார்த்துக்கொள்ளும்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 2,500 லிட்டர். பாத்தி 10 சதுர மீட்டர் போதும்: 15 செ.மீ. பள்ளத்தில் 1,500 லிட்டர் நிற்கும், 60 செ.மீ. ஆழ மண்ணில் கால் பங்கு இடைவெளி என்று வைத்தால் இன்னொரு 1,500.

எங்கே வெட்டுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஏற்கெனவே தண்ணீர் தேங்கும் மூலையைக் காட்டுவார்கள். அங்கே மண் உறிஞ்சாததால்தானே தேங்குகிறது? ஓடிவரும் வழியில், சற்று மேலே பிடிக்க வேண்டும். சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி. செப்டிக் டேங்க், குடிநீர்க் கிணறு பக்கம் வேண்டாம்.

வாய்க்கால் ஓர வீடுகளுக்கு இன்னொரு சிக்கல். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் இடத்தில் பாத்தி வடியாது. அடிமட்டத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இரண்டடியாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஆழத்தைக் குறைத்து, பரப்பைக் கூட்டலாம். மேட்டுக்காட்டில் இந்தத் தொல்லை இல்லை. வடிகட்டிய நீர் அப்படியே நிலத்துக்குள் இறங்கும்.

வெட்டும் முன் ஒன்றரை அடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு ஸ்கேலை நட்டு மணியைப் பாருங்கள். மணிக்கு 12 மி.மீ. கூட இறங்கவில்லையா? அடியில் சல்லி பரப்பி, ஓட்டை போட்ட பிவிசி குழாய் வையுங்கள். பெருமழையில் மிஞ்சும் நீர் வெளியேற மேலே ஒரு வழிவாய் எப்படியும் வேண்டும்.

இரண்டு நாளுக்குள் வடிந்தால் கொசுப்புழு வளர நேரமிருக்காது. வெட்டிவேர், கல்வாழை இரண்டும் ஈரத்தைத் தாங்கும். கோடையில் கல்வாழைக்குக் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டியிருக்கும். நாமக்கல் பக்கம் கோழி எரு தாராளமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை மட்டும் இதில் கொட்டாதீர்கள். அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கரைந்து வாய்க்காலுக்கே போகும். நன்றாக மக்கிய இலைதழை கொஞ்சம் போதும். ஐப்பசி மழைக்கு முன் மேலே படிந்த வண்டலை மண்வெட்டியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். படலம் இறுகிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது.