தட்டம்மை ஊசியும் சமய விலக்கும்
அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி கட்டாயம் என்றாலும், சமய நம்பிக்கை இடம் தரவில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுத்து விலக்குப் பெறும் வழி நெடுங்காலம் இருந்தது. 2018 அக்டோபரில் தொடங்கிய தட்டம்மை புரூக்ளினிலும் ராக்லாந்து கவுண்டியிலும் நூற்றுக்கணக்கானோரைத் தாக்கிய பின், 2019 ஜூனில் அவ்விலக்கு நீக்கப்பட்டது.

நோயாளி வெளியேறிய பிறகும் அறைக்காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கவல்லது இக்கிருமி. ஆதலால் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால்தான், ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தையும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் சிறுவனும் காக்கப்படுவர். இதுவே கூட்டு நோயெதிர்ப்பு.

நம்பிக்கை மதிக்கத் தக்கதே எனினும், அதன் விலையை அயல்வீட்டுக் குழந்தை கொடுப்பது நியாயமன்று. பெரியம்மை ஊசியை மறுத்த போதகர் ஹென்னிங் ஜேக்கப்சனின் வழக்கில், பொதுநலன் கருதித் தனிமனித உரிமைக்கு அரசு வரம்பிடலாம் என்று 1905-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5 டாலர் அபராதத்தை உறுதிசெய்தது.