திரைக்கு எட்டாத பிரயோகசாலை

2020 மார்ச் 17-ஆம் தேதி தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டு, அடுத்த வாரமே தேசம் முழுவதும் ஊரடங்கு பிரகடனமானபோது, ஆசிரியர் தம் வீட்டு மேஜையிலும் மாணவர் தம் ஊரில் சிக்னல் கிடைக்கும் மொட்டைமாடியிலும் அமர்ந்து, கூகுள் மீட், ஜூம் முதலிய செயலிகளின் வழியே பாடத்தைத் தொடரலாயினர். அந்த ஏற்பாடு முதுகலை மாணவருக்கும் ஆராய்ச்சி மாணவருக்கும் எவ்வளவு தூரம் பயன்பட்டது என்பது தனியே சிந்திக்கத்தக்க விஷயம்.

நன்மை இல்லாமற் போகவில்லை. அடுக்கிய புத்தகங்களின் விளிம்பில் கைபேசியைக் கவிழ்த்துவைத்து, அதன் கீழே வெள்ளைத்தாளில் ஒரு சமன்பாட்டைப் பேராசிரியர் வரிவரியாக விரித்துக்கொண்டு போனபோது, பின்வரிசை மாணவர் கரும்பலகையில் ஒருநாளும் காணாத சிறு குறியீடுகூடத் துலக்கமாகத் தெரிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரல் 29-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஆராய்ச்சி மாணவருக்கு ஆறு மாத அவகாசம் அளித்ததோடு, வாய்மொழித் தேர்வைக் காணொலியில் நடத்தவும் அநுமதித்தன; அதனால், துறையின் கூடத்தில் பத்திருபது பேர் முன்னிலையில் நடந்துவந்த அந்த வைபவத்தை, மகன் என்னதான் படிக்கிறான் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பெற்றோரும் கிராமத்திலிருந்தே காண முடிந்தது. இந்த வழக்கம் நிலைத்திருக்க வேண்டுமென்றே விரும்புகிறேன்.

ஆனால் மேற்படிப்பின் ஜீவன் பிரசங்கத்தில் மட்டும் இல்லை. ரசாயன மாணவர் ஒருவர் சேர்மங்களைப் பிரித்தெடுப்பதற்காகக் கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல்லை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கினாலும், கரைப்பான் வற்றி ஜெல் வெடிப்புற்றாலும், பிரிய வேண்டியவை கலந்தே இறங்கிவிடும். குழாயை எந்த அளவுக்கு மெல்லத் தட்ட வேண்டும், கரைப்பானை எப்போது மேலே ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம், பக்கத்தில் நிற்கும் மூத்த ஆய்வாளர், "இன்னும் கொஞ்சம் மெதுவாத் தட்டுப்பா" என்று சொல்லச்சொல்லக் கை கற்றுக்கொள்கிறதே யொழிய, காணொலியை எத்தனை முறை பார்த்தாலும் அது கைவருவதில்லை.

அரசாங்கமும் இதை உணர்ந்திருந்தது போலும். 2020 டிசம்பர் 2-ஆம் தேதி முதன்முதலாகக் கல்லூரிக் கதவு திறக்கப்பட்டது, ஆராய்ச்சி மாணவருக்கும், அறிவியல், தொழில்நுட்ப முதுகலை இறுதியாண்டினருக்குமே. இணையவழி வகுப்புக்கென மாணவருக்குத் தினம் 2 ஜி.பி. இலவச டேட்டா என்ற அறிவிப்பு அதற்கும் பின்னர், 2021 ஜனவரியில்தான் வந்தது. மார்ச்சில் தொற்று மறுபடி பெருகவே வகுப்புகள் மீண்டும் திரைக்குத் திரும்பின.

இடையில் கிடைத்த அச்சில மாதங்கள் சோதனைக்குப் போதாமல், 2019-இல் எம்.எஸ்சி. சேர்ந்தவர்களுள் பலர், தாமே சோதனை செய்து எழுத வேண்டிய ஆய்வேட்டைப் பிறர் கட்டுரைகளைத் திரட்டி எழுதி முடிக்க நேர்ந்தது. அவ்விதம் தேறியவர் எவரேனும் முனைவர் பட்டத்துக்கென வந்து சேர்ந்தால், முதல் சில மாதங்களைக் கைப்பழக்கத்துக்கென்றே ஒதுக்கித் தருவது, வழிகாட்டும் பேராசிரியர் அவருக்குச் செய்ய வேண்டிய நியாயம்.