ஏலமலையில் உளவள ஆலோசகருக்குத் துணை யார்?

உளவள ஆலோசகர் ஒருவர், தம்மிடம் வருவோருடன் தாம் செய்யும் பணியை, அவர்களுடைய அடையாளத்தை மறைத்து, தம்மினும் அனுபவம் மிக்க ஓர் ஆலோசகரிடம் குறித்த இடைவெளியில் எடுத்துரைத்து ஆராய்வதே துறையினர் 'சூப்பர்விஷன்' என்று வழங்கும் தொழில்முறை மேற்பார்வை ஆகும். வருகைப் பதிவேட்டையும் மாத அறிக்கையையும் சரிபார்க்கும் அலுவலகக் கண்காணிப்பு இதனின்றும் வேறானது. இரண்டையும் ஒரே மேலதிகாரி செய்தால், தடுமாறிய இடத்தை மனம்விட்டுச் சொல்லும் துணிவு எந்த ஆலோசகருக்கும் வராது.

1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலானோர் தொடங்கிய உளப்பகுப்பாய்வு மருத்துவமனையை ஒட்டி வளர்ந்த பயிற்சி முறையில், மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் காண்பது ஓர் அங்கமாயிற்று. பிரிட்டனின் ஆலோசகர் சங்கமோ, பயிற்சி முடித்து, தன் அங்கீகாரமும் பெற்றுத் தொழில் செய்யும் உறுப்பினரும் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் மேற்பார்வை பெற வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல வல்லுநர் என்னும் வரையறைக்குள் ஆலோசகரைச் சேர்க்கவில்லை. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் அவரைச் சேர்த்துக்கொண்டாலும், தகுதி பெற்றபின் தொடர்ந்து மேற்பார்வை பெறும் கடமையை விதிக்கவில்லை.

இந்தக் குறை நகரத்தைவிட மலையில் கூடுதலாக உறைக்கும். இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், தமிழ்த் தொழிலாளர் தலைமுறைகளாக வாழ்வதும், தேனிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு வழியாக ஜீப்பில் வேலைக்கு வந்து திரும்புவோர் உள்ளதுமான ஏலத்தோட்டப் பகுதியில் சாந்தன்பாறை இருக்கிறது. இத்தகைய ஊரில் பணிபுரியும் ஆலோசகர் தமிழில் கேட்ட துயரத்தை மலையாளத்தில் பதிவு செய்ய நேரலாம். ஆலோசனை பெற வந்தவரைக் கடைத்தெருவிலும் சந்திக்க நேரலாம். சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறையைச் சொன்னால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம் என்பதால், ரகசியம் காப்பதாகச் சொன்ன வாக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் அவர் அன்றே முடிவெடுத்தாக வேண்டும்.

இதே மாவட்டத்தின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு நேர்ந்த நிலச்சரிவில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். அத்தகைய இழப்பைப் பலர் வாயிலாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் ஆலோசகருக்கும், பாதிக்கப்பட்டோருக்கு உண்டாகும் தூக்கமின்மையும் அச்சமும் உண்டாகலாம். இதை இரண்டாம் நிலை மனக்காயம் என்பர். 'எதுவும் மாறாது' என்று தளர்ந்து சொல்லும் தொழிலாளியைப் பற்றிப் பேசும் ஆலோசகர், தம்மை அறியாமல் மேற்பார்வையாளரிடம் அதே தளர்ச்சியோடு பேசுவதும் உண்டு. உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955இலேயே விவரித்த இந்நிலையை, வெளியிலிருந்து கேட்கும் ஒருவரால்தான் எளிதில் இனங்காண முடியும்.

தூரத்தைக் காரணம் காட்டுவதில் இனிப் பொருளில்லை. 2022 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவை, 14416 என்ற எண்ணில் ஆலோசகரை முதல் நிலையிலும் வல்லுநரை அவருக்குப் பின்னேயும் நிறுத்தித் தொலைபேசியிலேயே இயங்குகிறது. ஆகவே ஆலோசகரைப் பணியமர்த்தும் மாவட்ட மனநலத் திட்டமும் பள்ளிகளை நடத்தும் துறைகளும், தமிழறிந்த மேற்பார்வையாளரை மலைக்கு அப்பாலுள்ள தேனியிலோ மதுரையிலோ இருந்தாவது ஏற்பாடு செய்து, அதற்கான மாதம் ஒன்றரை மணி நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். அதன் செலவை ஆலோசகரின் சம்பளத்தின்மேல் சுமத்தக் கூடாது.